தொட்டித் தண்ணீரின் சூடு

'லேசாக' என்ற சொல் தீனதயாளனுக்கு ஆகவே ஆகாது. கடைக்கு வருகிறவர் யாராவது கம்ப்யூட்டர் லேசாகச் சூடாகிறது என்று சொல்லிவிட்டால் போதும், கையிலிருக்கும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, லேசாக என்றால் எத்தனை டிகிரி என்று கேட்பார். அந்தக் கேள்வியில் கொஞ்சம் நக்கல் கலந்திருக்கும். வந்தவர் திருதிருவென்று விழிப்பார். பழகிப்போன வாடிக்கைக்காரர்கள் வரும்போதே ஏதோ ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டுதான் வருவார்கள்.

நாமக்கல் பரமத்தி ரோட்டில், ஒரு டயர்க் கடைக்கும் மெஸ்ஸுக்கும் நடுவே ஒடுங்கலாக இருந்தது அவர் கடை. வயது நாற்பத்தாறு. அப்பா வெள்ளியங்கிரி லாரி ரேடியேட்டர் பட்டறை வைத்திருந்தவர். பத்தாவது முடித்த கையோடு தீனதயாளனும் பட்டறையில் உட்கார்ந்துவிட்டார். ஓட்டை ரேடியேட்டர்களுக்கு ஈயப்பற்று வைத்தே எட்டு வருஷம் போனது. கல்யாணத்துக்கு முன்னால்தான் கம்ப்யூட்டர் வேலை கற்றுக்கொண்டு தனிக்கடை போட்டார். பிறகு தண்ணீர் ஓடும் கம்ப்யூட்டர்கள் ஊருக்குள் வந்தன. மற்ற கடைக்காரர்கள், மின்சாரம் ஓடுகிற பெட்டிக்குள் தண்ணீரா என்று பயந்து ஒதுங்கினார்கள். இவர் மட்டும் சிரித்தார். லாரியில் ஓடுகிற அதே தண்ணீர், அதே ரேடியேட்டர், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்றார். சும்மா சொல்லக்கூடாது, கைவேலை சுத்தம். கரூரிலிருந்தும் ஓமலூரிலிருந்தும்கூட அவரைத் தேடிக்கொண்டு வந்தார்கள்.

கொரோனா வந்த வருஷம் நெற்றிக்கு நேரே நீட்டிச் சூடு பார்க்கும் துப்பாக்கி ஒன்றைக் கடை வாசலுக்காக வாங்கினார். கொரோனா போன பிறகு அது புதுச்சத்திரத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போய், ஃபிரிட்ஜ் பக்கத்து ஆணியில் தொங்க ஆரம்பித்தது. தோசைக்கல்லுக்கு நீட்டுவார். காபிக்கு நீட்டுவார். வெயிலில் நின்ற பைக் சீட்டுக்கு நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். மகள் தனப்பிரியா கல்லூரியில் இரண்டாம் வருஷம் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு இன்னொரு பொண்ணு இருக்கிறாள், ஆணியில் தொங்குகிறாள் என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

மனைவி அறிவுச்செல்வி இதற்கு நேர் எதிர். புதுச்சத்திரத்துப் பக்கத்தில் அங்கன்வாடியில் வேலை. காலையில் பிள்ளைகள் வந்ததும் ஒவ்வொன்றாக மடியில் இழுத்து, கழுத்தில் ஒருமுறை, சட்டையைத் தூக்கி வயிற்றில் ஒருமுறை, புறங்கையை வைத்துப் பார்ப்பாள். காய்ச்சல் என்றால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாள். நெற்றி ஜில்லென்றிருந்தாலும் வயிறு பொய் சொல்லாது என்பாள். அவள் கணக்கு தப்பியதாக யாரும் சொன்னதில்லை. தீனதயாளன் மட்டும் அதை வைத்துக் கேலி பண்ணிக்கொண்டே இருப்பார். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். வீட்டில் யார் உடம்புக்கு என்ன என்று முடிவு சொல்வது அவர் வேலை என்று இருபத்தொரு வருஷத்தில் ஆகிப்போயிருந்தது. அவளுக்கு நான்கு வருஷமாகச் சர்க்கரை. அந்த மாத்திரைகளைக்கூட அவர்தான் நாள் பார்த்துப் பிரித்து வைப்பார். அக்கறை இல்லாத மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

போன ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. காலையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே அறிவுச்செல்வி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது, இடுப்புக்கு மேலே முதுகில் ஒரு பக்கமாக வலிக்கிறது என்றாள். ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கடைசியில், "உள்காய்ச்சல் அடிக்குதுங்க" என்றாள்.

தீனதயாளன் சிரித்துவிட்டார். உள்காய்ச்சல், வெளிக்காய்ச்சல் என்று காய்ச்சலில் இரண்டு சாதி கிடையாது. காய்ச்சல் என்றால் மெஷினில் வர வேண்டும், மெஷினில் வராதது காய்ச்சலே இல்லை. இதை அவர் நூறு தடவை சொல்லியிருப்பார். அன்றைக்கும் சொன்னார். துப்பாக்கியை எடுத்து நெற்றிக்கு நீட்டினார். தொண்ணூற்றேழு புள்ளி நான்கு. இயல்பான சூட்டைவிட ஒரு டிகிரி குறைவு. எரிச்சலுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

"காச்சலெல்லாம் ஒண்ணுமில்ல அறிவு. கெளம்பு."

"அப்ப சரிங்க," என்றாள் அவள். கிளம்பியும் போனாள். பதினெட்டுப் பிள்ளைகளுக்குச் சத்துமாவு கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து படுத்தாள். ராத்திரி சோறு வேண்டாம் என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவள் லீவு சொல்லிவிட்டுப் படுத்திருந்தாள். தேர்வு விடுமுறை என்பதால் தனப்பிரியா வீட்டில் இருந்தாள். கூட ஆள் இருக்கிறதே என்று தீனதயாளன் கடைக்குக் கிளம்பிவிட்டார். கடையைத் திறந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது, ஆட்டோவில் வந்து இறங்கினார் அஜீஸா. கையில், குழந்தையைத் தூக்குகிறாற்போல, கண்ணாடிப் பக்கம் வைத்த பெரிய கம்ப்யூட்டர்.

அஜீஸா லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குப் படம் போட்டுக் கொடுக்கிறவர். இந்த வண்டிக்கு இந்த நிறம், இந்தப் பலகை, முன்பக்கம் இந்த வளைவு என்று, கட்டி முடித்த வண்டியை நாலாபுறமும் சுற்றிப் பார்க்கிறமாதிரி கம்ப்யூட்டரிலேயே செய்து காட்டுவார். அதற்கு மெஷின் படாத பாடு பட வேண்டும். அதனால்தான் தண்ணீர் ஓடுகிற வகை வாங்கியிருந்தார். ஒரு மாதமாக அது பாதி வேலையில் பட்டென்று நின்றுவிடுகிறது. இது மூன்றாவது தடவை.

முதல் தடவை வந்தபோது தீனதயாளன் பெட்டிக்குள்ளே தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்த சின்னத் திரையைக் காட்டினார். முப்பத்து நான்கு. மெஷின் பச்சைத்தண்ணீர் மாதிரி இருக்கிறது, இது கரண்ட் கோளாறு என்று சொல்லி மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மாற்றி அனுப்பினார். இரண்டாம் தடவையும் அதே முப்பத்து நான்கு. நீங்கள் மெஷினை ரொம்ப விரட்டுகிறீர்கள் என்று அந்தம்மாவுக்கே புத்தி சொல்லி அனுப்பினார். இந்தத் தடவை அவர் வாயைத் திறப்பதற்குள் அஜீஸா முந்திக்கொண்டார்.

"அண்ணா, நம்பர் என்ன வேணா காட்டட்டுங்க. மிசின் நிக்குதுங்கண்ணா. மொதல்ல அதை நம்புங்க."

குரல் உயரவில்லை. ஆனாலும் தீனதயாளனுக்குச் சுருக்கென்றது. சரி, பார்த்தே விடலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

தொட்டித் திரையை விட்டுவிட்டு, பிராசசரின் உள்சூட்டைக் காட்டும் மென்பொருளைப் போட்டார். சும்மா இருக்கும்போது அறுபத்தொன்று. அதுவே கொஞ்சம் அதிகம்தான். அஜீஸாவின் லாரிப் படம் ஒன்றை ஓடவிட்டார். எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்று நான்கு. அரை நிமிஷத்தில் நூறைத் தொட்டது. பட்டென்று நின்றது. அந்த நேரம் முழுக்கத் தொட்டித் திரை முப்பத்து நான்கிலேயே இருந்தது.

தீனதயாளனின் மூளை பட்டறைக்காலத்து வேகத்தில் ஓட ஆரம்பித்தது. கடைக்குள் சூடு முப்பத்தொன்று. மெஷின் உயிரைக் கொடுத்து வேலை செய்யும்போது தண்ணீர் நாற்பதாவது வந்திருக்க வேண்டாமா? ஏன் மூன்று டிகிரியோடு நின்றது? குழாய்களைக் கழற்றினார். பிராசசரின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் செப்புக் கட்டியைத் திறந்தார். உள்ளே மயிரிழை அகலத்தில் இருக்க வேண்டிய வாய்க்கால்களெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்புக் கட்டி அடைத்துக் கிடந்தன. போர்வெல் தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டார். அஜீஸா நாக்கைக் கடித்துக்கொண்டார். தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கிறதே என்று பட்டறையில் இருந்த அவர் கொழுந்தனார், லாரிக்கு ஊற்றுகிற பழக்கத்தில், குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு ஊற்றிவிட்டாராம். இந்தப் பக்கத்து போர்த் தண்ணீர் பாத்திரத்தையே வெள்ளையாக்கிவிடும். மயிரிழை வாய்க்கால் எம்மாத்திரம்.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் செப்புக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பாடமே எடுக்க ஆரம்பித்துவிட்டார். தொட்டித் திரை காட்டுவது தண்ணீரின் சூட்டை. மெஷினின் சூட்டை அல்ல. தண்ணீர் உள்ளே போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால்தான் அந்தத் திரைக்கு விஷயம் தெரியும். ஓட்டம் அடைபட்டுவிட்டால் உள்ளே கொதிப்பது உள்ளேயே நிற்கும். வெளியே தொட்டி பாட்டுக்கு ஜில்லென்று இருக்கும். அதனால் எண் குறைவாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கூட வேண்டிய நேரத்தில் கூடாமல் இருந்தால் அதுதான் ஆபத்து. இரண்டு முறை தான் ஏமாந்ததையும் மறைக்காமல் ஒத்துக்கொண்டார். அஜீஸா கவனமாகக் கேட்டுக்கொண்டு, இனிமேல் இரண்டு எண்ணையும் பார்க்கிறேன் அண்ணா என்றார்.

இந்தப் பாடத்துக்கு நடுவில்தான் போன் அடித்தது. தனப்பிரியா. அம்மாவுக்குக் குளிர் தூக்கித் தூக்கிப் போடுகிறது, இரண்டு போர்வை போர்த்தியும் பல் அடிக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாள்.

துப்பாக்கியை எடுத்து வைத்துப் பார்க்கச் சொன்னார். போனைக் காதிலேயே வைத்திருந்தார். அந்தப் பக்கம் பீப் என்று சத்தம் கேட்டது.

"தொண்ணூத்தாறு புள்ளி எட்டுங்கப்பா."

"பாரு, நேத்தையவிடக் கம்மியாத்தான் இருக்குது. காச்சல் இல்ல சாமி. பனிக்காத்து ஒத்துக்கல. கசாயம் வச்சுக் குடு. சாயங்காலம் நான் வந்து பாக்கறேன்."

போனை வைத்தார். எங்கே விட்டேன் என்று அஜீஸாவிடம் கேட்டார். கூட வேண்டிய நேரத்தில் கூடாமல் இருந்தால் என்று அஜீஸா எடுத்துக் கொடுத்தார். ஆமாம், அங்கேதான் என்று தொடர்ந்தார். அட மனுஷா, கையில் செப்புக் கட்டியையும் வாயில் அந்தப் பேச்சையும் வைத்துக்கொண்டு எப்படித்தான் போனை வைத்தாயோ! இப்போது யாரும் அவரிடம் இப்படிக் கேட்பதில்லை. அவரே கேட்டுக்கொள்கிறார், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை.

செவ்வாய் சாயங்காலம் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். அறிவுச்செல்வி நடு அறையில் பாயில் சுருண்டு கிடந்தாள். முகம் முழுக்க வேர்வை. தீனதயாளன் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் நெற்றியைத் துடைத்துவிட்டுத்தான் துப்பாக்கியை நீட்டினார். தொண்ணூற்றாறு புள்ளி ஐந்து. கையைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. அவருக்குக் கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது. ஆனால் யோசனை போன வழி வேறு. சூடு குறைந்துகொண்டே வருகிறது, உடம்பில் தெம்பு இல்லை, சர்க்கரை இறங்கியிருக்கும் என்று முடிவு பண்ணி, பாலில் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்து ஊட்டினார். வயிற்றில் கை வைத்துப் பார்த்திருக்கலாம். அவளுடைய வைத்தியம் அது. அதனாலேயே அவர் வைக்கவில்லை.

அவளுக்குப் பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்று அன்றைக்குக் கடையில் நடந்ததைச் சொன்னார். அஜீஸா மூன்றாம் தடவை வந்தது, நூறைத் தொட்டது, உப்பு அடைத்தது, எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அவள் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கேட்டாள். இடையிடையே உம் கொட்டினாள். முப்பத்து நான்கு காட்டிய தொட்டியைப் பற்றிச் சொன்னபோது கண்ணைத் திறந்தாள்.

"பாவம். வாயில்லாத மிசின். உள்ள வேகுதுன்னு அதால எப்படிங்க சொல்ல முடியும்?"

சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். தீனதயாளன் அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு எழுந்து சாப்பிடப் போனார்.

புதன்கிழமை விடிந்ததும் அவள் குழாயடிக்குப் போனாள். போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். நாமக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நர்ஸ் பெண் கையைத் தொட்டதும், என்ன இப்படிச் சில்லிட்டுக் கிடக்கிறது என்று நாடியைப் பிடித்துப் பார்த்தாள். முகம் மாறியது. டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் சின்ன வயசுக்காரர். அறிவுச்செல்வியின் நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டரை வைக்கச் சொல்லிவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைத் தானே கட்டினார். பிறகு தெர்மாமீட்டரை வாங்கிப் பார்த்தார். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார்.

பதில் சொன்னது அறிவுச்செல்வி. நாக்கு குழறியது. ஆனாலும் டாக்டர் தப்பாக நினைத்துக்கொண்டுவிடக் கூடாது என்று தலையைத் தூக்கிச் சொன்னாள்.

"காச்சலே இல்லைங்க டாக்டர். ஊட்டுக்காரரு தெனமும் மிசின் வச்சுப் பாத்தாருங்க."

டாக்டர் தெர்மாமீட்டரை நர்ஸிடம் கொடுத்தார். நர்ஸ் அட்டையில் எழுதினாள். நூற்று நான்கு.

அதற்குமேல் டாக்டர் விளக்கியதெல்லாம் தீனதயாளன் காதில் பாதிதான் விழுந்தது. மிச்சப் பாதி அவருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. சிறுநீர்த் தொற்று. சர்க்கரை உடம்பு என்பதால் சிறுநீரகத்துக்கு ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டது. அழுத்தம் இறங்கிவிட்டது. ரத்தம் கைகாலுக்கும் தோலுக்கும் சரியாகப் போகவில்லை. அதனால்தான் தோல் சில்லிட்டிருக்கிறது. உள்ளே நூற்று நான்கு. அந்தப் பேச்சு அவருடைய பேச்சு. நேற்றுக் காலை பதினோரு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் பேசியது. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். தரையில் இருந்தவரைப் பார்த்துவிட்டு, முடிக்காமல் சேலத்துக்கு ஆம்புலன்ஸ் சொல்லப் போனார்.

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். அறிவுச்செல்விக்கு அதன் பிறகு நினைவு வரவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் உயிர் போயிற்று. வயது நாற்பத்திரண்டு.

அங்கன்வாடியில் பிள்ளைகளை விட்டிருந்த தாய்மார்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். அழுகைக்குக் குறைவில்லை. தீனதயாளன் அழவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் தானே வலியப் போய்ச் சொன்னார்: அவள் திங்கட்கிழமையே சொன்னாள், நான்தான் கேட்கவில்லை, நான்தான் காய்ச்சல் இல்லை என்றேன். யாராவது ஒருவர், பாவி, உன்னால்தான் போனாள் என்று சட்டையைப் பிடித்து உலுக்கினால் போதும் என்றிருந்தது அவருக்கு. ஒருவரும் உலுக்கவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள், நேரம் அப்படி என்றார்கள். ஆத்தூரிலிருந்து வந்த அவள் அக்காகூட, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கச்சியை நீங்கள் ராணி மாதிரி வைத்திருந்தீர்கள் மாப்பிள்ளை என்று அழுதார். அதைவிட அறைந்திருக்கலாம்.

காரியம் முடிந்து, வந்த சனமெல்லாம் போய், வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும் ஆனார்கள். விடுமுறை முடிந்தும் தனப்பிரியா கல்லூரிக்குக் கிளம்பவில்லை. தட்டில் போட்ட சோறு போட்டபடி இருந்தது. அம்மா போன துக்கம், பெண்பிள்ளை, கொஞ்ச நாள் ஆகும் என்று தீனதயாளன் நினைத்துக்கொண்டார். தன்னுடைய பாரத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறவருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டிலில் சிதறிக் கிடந்த அவள் புத்தகங்களை அடுக்கினார். ஒன்றிலிருந்து மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. விரித்துப் பார்த்தார். சூடு பார்க்கும் துப்பாக்கியோடு அட்டைப்பெட்டியில் வந்த குறிப்புத் தாள். அவர் ஒருநாளும் படித்துப் பார்க்காதது. பொடி எழுத்தில் இருந்த இருபது வரிகளில் ஒரு வரியை மட்டும் பேனாவால் அழுத்தி அழுத்திக் கோடு போட்டிருந்தாள். காகிதம் கிழிந்தே போயிருந்தது. அளப்பதற்கு முன் நெற்றியில் உள்ள வேர்வையைத் துடைக்கவும்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த தனப்பிரியா, அவர் கையில் காகிதத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இது எதற்கு என்று கேட்டார். அவள் சுவரோரமாக உட்கார்ந்தாள். துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். எடுத்தபோது ஒரே மூச்சில் எல்லாம் வந்தது.

"அன்னைக்கு அம்மா நெத்தியெல்லாம் வேர்வைங்கப்பா. நான் தொடைக்காமயே வச்சுட்டேன். தொடைச்சுட்டு வச்சிருந்தா சரியாக் காட்டியிருக்கும். நீங்களும் கடைய சாத்திட்டு ஓடி வந்திருப்பீங்க. நாந்தாங்கப்பா அம்மாவக் கொன்னுட்டேன்."

பதினேழு நாளாகத் தீனதயாளன் ஊரெல்லாம் போய் என்னைத் திட்டு, என்னைத் திட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்து அறையில், பத்தொன்பது வயதுப் பெண், கொலைகாரி என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்திருக்கிறாள். பெற்ற பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கத் தெரியவில்லை அவருக்கு. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

அவள் மேல் தப்பில்லை என்று வெறும் வாயால் சொன்னால் நம்ப மாட்டாள். அவர் வளர்த்த பெண். அதனால் அவளுக்குப் புரியும்படி ஒவ்வொன்றாகச் சொன்னார். சாயங்காலம் அவரே துண்டால் துடைத்துவிட்டுத்தான் பார்த்தார், அப்போதும் தொண்ணூற்றாறுதான் வந்தது. வேர்வைக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அம்மாவுக்கு ரத்தம் தோலுக்கு வரவே இல்லை. ரத்தம் வந்தால்தான் உள்ளே இருக்கிற சூடு வெளியே வரும். வராததால் சூடு உள்ளேயே நின்றது, தோல் சில்லிட்டது. நெற்றியில் நூறு தடவை வைத்திருந்தாலும், எவ்வளவு துடைத்துவிட்டு வைத்திருந்தாலும், அந்த மெஷின் அதைத்தான் காட்டியிருக்கும். வாயில் வைக்கிற தெர்மாமீட்டர்தான் காட்டியிருக்கும். அதற்கும் முன்னால், குளிர் தூக்கிப் போடுகிறது என்று அவள் போனில் சொன்னதே போதும். குளிர் அப்படி அடிக்கிறபோது சூடு ஏறாமல் இருந்தால், அதுதான் ஆபத்து.

தனப்பிரியா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவள் முகத்தில் பதினேழு நாளாக இல்லாத ஒரு தெளிவு மெல்ல வந்தது. நீண்ட மூச்சு ஒன்று வெளியே போனது. அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இதெல்லாம் டாக்டர் சொன்னாருங்களாப்பா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான். அந்த ஒரு சொல்லோடு அந்தக் காலை முடிந்திருக்கும். அவளும் எழுந்து இரண்டு இட்லி சாப்பிட்டிருப்பாள். அவருக்கென்று இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஒரு ஆள் அவர் கையைப் பிடித்தபடியே இருந்திருப்பாள். தீனதயாளன் அவளைப் பார்த்தார். பொய் சொல்லி வைத்தால், என்றைக்காவது ஒருநாள் அவள் மறுபடி அந்தக் காகிதத்தை எடுப்பாள் என்று பயமாக இருந்தது.

"இல்ல சாமி. எனக்கு முன்னாலயே தெரியும். நீ போன் பண்ணுனப்ப, இதைத்தான் கடைக்கு வந்த ஒருத்தருக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தேன்."

தனப்பிரியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்து பார்த்தாள். அவர் கைக்குள் இருந்த தன் கையை உருவிக்கொண்டாள். தரையில் கிடந்த காகிதத்தை எடுத்து, இருந்த மடிப்பிலேயே மடித்து, அவர் கையில் வைத்துவிட்டு, எழுந்து உள்ளே போனாள்.